சமையலறையில் ஓடிய கார்கள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தால் போதும், யுஸ்ராவின் வீட்டில் ஊரடங்கு அமலுக்கு வந்துவிடும்.

"அம்மா, கிரைண்டரப் போட்டுறாதீங்க! அத்தா, போன்ல வீடியோ பாக்காதீங்க! அண்ணா, அயர்ன் பாக்ஸ் பக்கமே போகாத!"

இத்தனை அதிகாரமும் ஆறாம் வகுப்பு படிக்கும் யுஸ்ராவுடையதுதான். அத்தா ஷேக் பரீத் பாவம், கையில் இருக்கும் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்.

"ஏன் கண்ணு, மூச்சாச்சும் உடலாமா?"

"மெதுவா உடுங்க அத்தா."

எல்லாவற்றுக்கும் காரணம் சமையலறையில் இருந்தது. கிரைண்டருக்கும் அரிசி டின்னுக்கும் நடுவில் ஒரு பழைய கம்ப்யூட்டர். அத்தாவின் மெத்தைக் கடையில் பில் போட்டுப் போட்டுக் களைத்துப்போன கம்ப்யூட்டர் அது. கல்லூரியில் படிக்கும் அண்ணன் ஷாஹுல் அதைத் தூசி தட்டி, ஒரு கார் பந்தய விளையாட்டுக்குச் சர்வராக மாற்றிவிட்டான்.

பந்தயம் நடக்கும் மைதானம் சர்வர்தான். நடுவரும் அதுதான். நான்கு பேர் நான்கு இடத்தில் உட்கார்ந்து கார் ஓட்டினால், யார் கார் எந்த வளைவில் இருக்கிறது, யார் யாரை முந்தினார்கள் என்று பார்த்து எல்லோருக்கும் சொல்வது அதன் வேலை. அது படுத்துக்கொண்டால் பந்தயமும் படுத்துக்கொள்ளும்.

அதைப் போய் ஏன் சமையலறையில் வைத்தார்கள் என்று கேட்டால், இன்டர்நெட் ஒயர் அந்த ஜன்னல் வரைதான் எட்டியது. கோவை கோட்டைமேட்டில் இருந்த அவர்கள் சந்துக்குள் ஒயரை இழுத்து வந்தவர், "இதுக்கு மேல வராதுங்க" என்று அங்கேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விட்டார். கிரைண்டரும் அதே லைனில்தான் ஓடியது. அம்மா மாவாட்ட ஆரம்பித்தால் கம்ப்யூட்டர் மயங்கி விழும்.

பந்தயத்தில் யுஸ்ராவோடு மூன்று பேர். இரண்டு தெரு தள்ளி இருக்கும் பெரியம்மா மகன் ஆசிப். கோடை விடுமுறை நீச்சல் வகுப்பில் பழக்கமான உதய். அவன் ஊர் சத்தியமங்கலம். மூன்றாவது ஆள் நவ்யா.

நவ்யா போன வருடம் வரை யுஸ்ராவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். அவள் அப்பாவுக்கு உடுமலைப்பேட்டையில் வேலை கிடைத்ததும் குடும்பமே அங்கே போய்விட்டது. பந்தயத்தில் கார் ஓட்டிக்கொண்டே ஒருவரோடு ஒருவர் பேசலாம். இப்போது இருவரும் பேசிச் சிரிப்பது அந்த ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் மட்டும்தான்.

அன்றைக்கும் பந்தயம் ஆரம்பித்தது. அன்றைக்கும் யுஸ்ராவின் சிவப்புக் கார் எல்லோரையும் தாண்டிப் பறந்தது. அவள் தோற்றதே கிடையாது. தன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கிரீடம்கூட வரைந்து வைத்திருந்தாள்.

நவ்யாவின் நீலக் கார் நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. திடீரென்று அப்படியே நின்றது. பிறகு தவளை மாதிரி ஒரு தாவு தாவிச் சுவரில் போய் முட்டியது.

"என்னடி நவ்யா, கார் ஓட்டறியா, தென்னமரம் ஏறறியா?" என்று கேட்டாள் யுஸ்ரா.

உதய் விழுந்து விழுந்து சிரித்தான். எப்போதும் கடைசியாக வரும் ஆசிப்பும் சிரித்தான். தன்னை யாரும் கிண்டல் செய்யவில்லையே என்ற நிம்மதி அவனுக்கு.

பந்தயம் முடிந்து மற்றவர்கள் போன பிறகும் நவ்யா மட்டும் போகவில்லை.

"யுஸ்ரா, அடுத்த வாரத்தோட நான் நிறுத்திக்கறேன்டி."

"ஏன்டி?"

"எனக்கு வரமாட்டீங்குது. வளைவுல சரியாத்தான் திருப்பறேன், ஆனாலும் முட்டிக்குது. எல்லாரும் சிரிக்கறீங்க."

"அய்யே, அது சும்மா வெளையாட்டுக்குடி."

"தெரியும். இருந்தாலும் ஆட்டம் முடிஞ்சதுக்கப்பறம் அழுகாச்சியா வருது."

அன்று இரவு யுஸ்ரா தட்டில் இருந்த இடியாப்பத்தைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நவ்யா வராத ஞாயிற்றுக்கிழமையை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அவளிடம் வேறு எப்போது பேசுவது?

நல்ல வேளையாக, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தாவின் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். அதுவும் எங்கே? உடுமலைப்பேட்டையில்!

"மத்தியானம் கல்யாண விருந்து, சாயங்காலம் நவ்யா ஊடு," என்று யுஸ்ரா திட்டம் போட்டாள். "நான் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்தா அவளுக்கு வந்துரும். அப்பறம் நிறுத்த மாட்டா."

வீட்டில் யாரும் இல்லாவிட்டாலும் சர்வர் ஓடியாக வேண்டும். அதனால் கிளம்புவதற்கு முன் கம்ப்யூட்டரின் சுவிட்ச் மேல் ஒரு தாளை ஒட்டினாள். 'தொடாதீர்கள்! முக்கியமாக அம்மா!' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தாள்.

அம்மா சாஜிதா பேகம் அதைப் படித்தார். "சரி அம்மணி, தொடல," என்று தலையாட்டினார்.

உடுமலைக் கல்யாண மண்டபம் பெரிதாக இருந்தது. நிக்காஹ் முடிந்து பந்தி நடக்கும்போது கரண்ட் போனது. யாராவது "அய்யோ" என்று சொல்வதற்குள் ஜெனரேட்டர் உறுமியது, விளக்கெல்லாம் எரிந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பிரியாணியிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அம்மா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார். "நம்ம ஊட்டுல விருந்துன்னா நான் உக்காந்து தின்னு நீ பாத்திருக்கியா கண்ணு? இங்க பாரு, எலை எடுக்கக்கூட ஆளு இருக்குது," என்றார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

சாயங்காலம் ஷாஹுல் அவளை நவ்யாவின் வீட்டுக்கு அழைத்துப் போனான். வாசலிலேயே இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். நவ்யாவின் அம்மா சுடச்சுடப் பணியாரம் கொண்டுவந்து வைத்தார்.

"வாடி, இன்னிக்கு உன்ன ஜெயிக்க வெக்கறேன்," என்று யுஸ்ரா அவளுடைய டேப்லெட்டைத் திறந்தாள்.

சர்வரைக் காணவில்லை.

மறுபடி முயன்றாள். மறுபடியும் காணவில்லை. ஷாஹுலின் போனை வாங்கி மண்டபத்தில் இருந்த அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா! கம்ப்யூட்டர் சுவிட்சத் தொட்டீங்களா?"

"நான் ஏன் தொடப்போறேன்? நீதான் எழுதி ஒட்டியிருந்தியே."

"அப்பறம் எப்படி சர்வர் நின்னுச்சு?"

"அதெனக்கு எப்படித் தெரியும்? நான் மெயினத்தான் அமத்திப்போட்டு வந்தேன்."

யுஸ்ரா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஊருக்குப் போவதென்றால் அம்மா மெயின் சுவிட்சை அணைக்காமல் வாசல் தாண்டவே மாட்டார். அதற்காகவே முந்தின நாள் எல்லோரையும் உட்காரவைத்து, ஃபிரிட்ஜில் இருந்த பழைய குழம்பு முழுவதையும் தீர்க்க வைத்திருந்தார். அப்போதாவது யுஸ்ராவுக்கு உறைத்திருக்க வேண்டும்.

இனி ஒரே வழி ஆசிப்தான். பக்கத்து வீட்டுச் சாந்தாமணி அக்காவிடம் ஒரு சாவி எப்போதும் இருக்கும். ஆசிப் அதை வாங்கிக்கொண்டு யுஸ்ராவின் வீட்டுக்குள் போனான். போனில் அவன் குரல் கொறகொறவென்று கேட்டது.

"அக்கா முறுக்கு வேற குடுத்தாங்க. நல்லா இருக்குது."

"அத அப்பறம் தின்னுடா! மொதல்ல மெயினப் போடு!"

ஷாஹுல் சொல்லச் சொல்ல ஆசிப் ஒவ்வொன்றாகப் போட்டான். சற்று நேரத்தில் சர்வர் உயிர் பெற்றது.

"எங்க ஊட்டுக்குப் போக நேரமில்ல. அம்மா போன் கையிலதான் இருக்குது. இங்கயே உங்க வைஃபைல சேந்து வெளையாடிக்கறேன்," என்றான் ஆசிப்.

பந்தயம் தொடங்கும் நேரம். நவ்யா டேப்லெட்டை யுஸ்ராவின் மடியில் வைத்தாள்.

"நீயே ஓட்டுடி. இது எனக்குக் கடைசிப் பந்தயம். என் கார் ஒரு தடவையாச்சும் ஜெயிக்கறத நான் பாக்கணும்."

"இவ்வளவுதானே? பாரு!" என்றாள் யுஸ்ரா.

நீலக் கார் பாய்ந்தது. முதல் வளைவு வந்தது. யுஸ்ரா சரியாகத்தான் திருப்பினாள். கார் திரும்பவில்லை. நின்றது, தாவியது, சுவரில் டமார் என்று மோதியது.

"இரு இரு, கை வழுக்கிருச்சு," என்றாள்.

இரண்டாம் வளைவிலும் கை வழுக்கியது. மூன்றாம் வளைவில் கார் அந்தரத்தில் ஒரு கரணம் அடித்தது.

"நவ்யா! கண்ணாடி போட்டுட்டு ஓட்டு!" என்று சத்தியமங்கலத்திலிருந்து உதய் கத்தினான். கூடவே பெரிய சிரிப்பு.

ஓட்டுவது யுஸ்ரா என்று அவனுக்குத் தெரியாது. யுஸ்ராவின் காதெல்லாம் சூடானது. வழக்கமாக இந்தச் சிரிப்பை ஆரம்பித்து வைப்பவளே அவள்தான். கேட்பதற்கு இது இவ்வளவு மோசமாக இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

பந்தயம் முடிந்தது. நீலக் கார் கடைசி. முதலிடம்? ஆசிப்!

"டேய், யாராச்சும் சரியாப் பாருங்கடா! ஆசிப்னுதான் போட்டிருக்குதா?" என்று அவனே நம்பாமல் கத்தினான். "நான் ஒரு கையில முறுக்கு வெச்சுட்டுத்தான்டா ஓட்டினேன்!"

நவ்யா டேப்லெட்டை வாங்கிக்கொண்டாள். "பாத்தியா? உன் கையிலயும் முட்டிக்குது," என்றாள் மெதுவாக.

யுஸ்ரா பணியாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். ஆசிப் அதே ஆசிப்தான். அவன் அம்மாவின் போனும் அதே பழைய போன்தான். போதாததற்கு ஒரு கையில் முறுக்கு. இன்றைக்கு அவனுக்கு மாறியது ஒன்றே ஒன்றுதான், அவன் உட்கார்ந்திருந்த இடம். தனக்கு மாறியதும் அதுவேதான்.

"அண்ணா, இங்க வா. சர்வர் இருக்கற ஊட்டுக்குள்ள இருந்து வெளையாடினா ஜெயிக்கறது சுலபமா?"

ஷாஹுல் தலையைச் சொறிந்தான். "அது... கொஞ்சம் சுலபம்தான். வெளியில இருக்கறவங்க ஆட்டமெல்லாம் நம்ம ஊட்டு லைன் வழியாத்தான் போய் வரணும். அந்த லைன்ல உள்ள வர்றதுக்குப் பெரிய ரோடு இருக்குது. வெளிய போறதுக்குச் சின்னச் சந்துதான்."

"அந்தச் சந்துல யாரெல்லாம் நெருக்கிட்டு நிக்கறாங்க?"

"நவ்யா, உதய், ஆசிப்பு."

"நானு?"

"நீ சந்துக்கே போக வேண்டாமே. ஊட்டுக்குள்ளதான இருக்கற. இவ்வளவு வித்தியாசம் வரும்னு நான் நெனைக்கல யுஸ்ரா."

யுஸ்ரா எழுந்து நவ்யாவின் கையைப் பிடித்தாள்.

"நவ்யா, நீ சரியாத்தான்டி ஓட்டற! நீ திருப்பின சேதி எங்க சமையலறைக்குப் போய்த் திரும்பி வர்றதுக்குள்ள சுவரு வந்துருது. தப்பு உன் கையில இல்ல."

நவ்யா அவளையே பார்த்தாள். "நெஜமாவா? எனக்கு ஓட்டத் தெரியுமா?"

"தெரியும்!"

"கண்ணு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகச் சொல்லி அம்மாகிட்டச் சொல்லி வெச்சிருந்தேன்டி," என்ற நவ்யா சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். எத்தனையோ வாரமாக நெஞ்சில் கிடந்த பாரம் அவளுக்கு இறங்கிவிட்டது.

மற்றவர்கள் இன்னும் போகவில்லை. யுஸ்ரா டேப்லெட்டின் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எல்லாரும் கேளுங்க. இன்னிக்கு நவ்யா கார ஓட்டினது நான்."

"என்னது, நீயா?" என்றான் உதய்.

"இத்தன வாரம் நான் ஜெயிச்சது எங்க ஊட்டுல சர்வர் இருந்ததால. அதெல்லாம் செல்லாது. அது தெரியாம நவ்யாவப் பாத்து மொதல்ல சிரிச்சதும் நான்தான். சாரி நவ்யா."

"நானும் சாரிங்க நவ்யா," என்றான் உதய். அவ்வளவு மரியாதையாக அவன் பேசி யாரும் கேட்டதில்லை.

"அப்ப நான் இன்னிக்கு ஜெயிச்சது?" என்று கேட்டான் ஆசிப்.

"அதுவும் செல்லாது."

"யா அல்லாஹ்! ராத்திரி வரைக்குமாச்சும் வெச்சுக்க விட்டிருக்கலாமில்ல?"

கோவைக்குத் திரும்பும் பஸ்ஸில் யுஸ்ரா பேச்சை எடுத்தாள். சர்வரை வாடகைக்கு விடும் நிறுவனங்கள் இருக்கின்றன அல்லவா, அங்கே மாற்றிவிடலாம் என்றாள். ஷாஹுலுக்குச் சுருக்கென்றது.

"சொந்தமா சர்வர் இருக்கறப்ப வாடகைக்கா? நம்முளுதுன்னா நம்ம இஷ்டம். பாதைய மாத்தலாம், கார மாத்தலாம், யாரையும் கேக்க வேண்டியதில்ல. செலவும் இல்ல."

"அண்ணா, இன்னிக்குக் கல்யாணத்த ஏன் மண்டபத்துல வெச்சாங்க? அவங்களுக்குச் சொந்த ஊடு இல்லயா?"

"ஊட்டுல எப்படி வெக்கறது? எடம் பத்தாது. கரண்ட் போனா ஜெனரேட்டர் இல்ல. வர்றவங்கெல்லாம் சந்துல மாட்டிக்குவாங்க..." என்று சொல்லிக்கொண்டே வந்த ஷாஹுல் பாதியில் நிறுத்தினான்.

"ரெண்டு ஊட்டுக்காரங்களுக்கும் பொது எடமா இருக்கணுமில்ல," என்று முன் சீட்டிலிருந்து அம்மா சேர்த்துக்கொண்டார்.

ஷாஹுல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். அவன் எத்தனை ஆசையாக அந்தக் கம்ப்யூட்டரைச் சரி செய்தான் என்று யுஸ்ராவுக்குத் தெரியும். அவன் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"மண்டபம்தாண்ணா வேற. கல்யாணத்த நடத்தறது நீதான். பாதை வரையறதும், விதி போடறதும் உன்னத் தவிர எங்க யாருக்கும் தெரியாது."

அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. "சரி, பாக்கறேன்."

"ஏனுங்க தலைவரே," என்று அத்தா மகளைக் கூப்பிட்டார். "அந்தப் பொட்டி சமையலறைய உட்டுப் போயிருச்சுன்னா, ஞாயித்துக்கெழம நான் வீடியோ பாக்கலாமுங்களா?"

"தாராளமா அத்தா."

"அப்ப வாடகையில என் பங்கும் உண்டு."

அந்த வாரம் ஷாஹுல் இரண்டு மூன்று நிறுவனங்களைத் தேடிப் பார்த்தான். சில நாள் சும்மா ஓட்டிப் பார்க்க விடும் ஒன்றைப் பிடித்தான். அதன் கம்ப்யூட்டர்கள் எங்கோ சென்னையில் இருந்தன. நான்கு வீட்டிலிருந்தும் தினமும் ஓட்டிப் பார்க்கச் சொன்னான். சர்வரிடமிருந்து நால்வருக்கும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் பதில் வந்தது. கோவை உக்கடம் ரவுண்டானாவைப் பார்த்து அவன் வரைந்த பாதையை மட்டும் அந்தச் சர்வர் ஏற்றுக்கொள்ளவில்லை. இரண்டு நாள் புலம்பிவிட்டு அவன் வேறு பாதை வரைந்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. எழுந்ததும் பழக்கத்தில் யுஸ்ரா சமையலறைக்கு ஓடினாள். கம்ப்யூட்டர் இருந்த இடத்தில் அம்மா வெங்காயக் கூடையை வைத்திருந்தார். இனி யாரையும் மிரட்ட வேண்டாம், எதையும் காவல் காக்க வேண்டாம் என்று நினைத்தபோது அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. பள்ளிக்கூடம் லீவு விட்ட மாதிரி குதித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

சாயங்காலம் பந்தயம் தொடங்கியது. யுஸ்ரா தன் பெயருக்குப் பக்கத்திலிருந்த கிரீடத்தை அழித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். இது ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்க்கத்தான், தொடர்வதா வேண்டாமா என்பதைப் பிறகு சொல்கிறேன் என்று நவ்யா முன்பே சொல்லியிருந்தாள்.

முதல் வளைவில் நீலக் கார் நிற்கவில்லை. தாவவில்லை. வெண்ணெயில் கத்தி இறங்குவது போல வளைந்து சென்றது.

"அடேங்கப்பா!" என்றான் உதய்.

யுஸ்ரா பல்லைக் கடித்துக்கொண்டு துரத்தினாள். உதயைத் தாண்டினாள். கடைசி வளைவில் சிவப்பும் நீலமும் ஒட்டி உரசிக்கொண்டு போயின. எல்லைக்கோட்டை நீலம் முதலில் தொட்டது.

முதலிடம் நவ்யா. இரண்டாமிடம் யுஸ்ரா. மூன்றாமிடம் உதய். கடைசி ஆசிப்.

"இது முழுக்க முழுக்க என் சொந்தத் திறமைங்க," என்றான் ஆசிப்.

எல்லோரும் சிரித்தார்கள். நவ்யா மட்டும் சிரிக்கவில்லை. சந்தேகமாகக் கேட்டாள்.

"ஏன்டி யுஸ்ரா, நெஜத்தச் சொல்லு. நான் நிறுத்தக் கூடாதுன்னு வேணும்னே விட்டுக் குடுத்தியா?"

"விட்டுக் குடுக்கறதா? நானா?" யுஸ்ராவுக்குக் கோபமே வந்துவிட்டது. "உயிரக் குடுத்து ஓட்டினேன்டி! வெரலெல்லாம் வலிக்குது! அப்பவும் முந்திப்போட்டியே, எப்படிடி?"

நவ்யாவின் சிரிப்பு உடுமலைப்பேட்டையிலிருந்து அப்படியே வந்து விழுந்தது.

"அப்படின்னா அடுத்த ஞாயித்துக்கெழமையும் வாரேன்," என்றாள்.